அடுத்த வீட்டில் என்ன குழம்பு

ஜூலை 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். விறகு நனைந்து வீடெல்லாம் புகை. இவருக்குத் துரை வீட்டில் விருந்து வேலை, ஆறு மணிக்கே போய்விட்டார்.

முன்னறைக்கு வாடகைக்கு வந்த பையன் யோகராசா. சிலோன், யாழ்ப்பாணம். மைசூரில் எம்.ஏ. படிப்பாம், பொருளாதாரம். அதற்காக எங்கள் அல்சூரில் விசாரிக்க வந்திருக்கிறானாம்.

"அப்படின்னா என்னப்பா படிப்பு அது?"

"சனங்கள் என்ன வாங்கினம், என்ன சாப்பிடினம் என்டு படிக்கிறது, அக்கா."

"இதுக்கா கடல் தாண்டி வந்தே? எங்க மாமியாரு படிக்காமலே கண்டுபிடிப்பாங்களே!"

சிரித்தான். சிரிப்பு சரியில்லை. தெருவில் வீடு வீடாகப் போய் அரிசியா ராகியா, கறி எத்தனை நாள் என்று கேட்கிறான். போலீஸ் ஆளோ? இவரிடம் சொன்னேன். "வரி போட வந்தவன்டி. வாயத் தொறக்காதே."

ஜூலை 6, வியாழன்

வெயில். ஊறுகாய் ஜாடி வெளியே. தலைவலி.

இன்றைக்கு என்னிடம் கேட்டான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "களியும் கீரையும்தான் தம்பி. கறியெல்லாம் ஈஸ்டர் வந்தாத்தான்" என்றேன். உள்ளே தேங்காய் அரைத்து விட்ட கறிக்குழம்பு தளதளவென்று கொதிக்கிறது. அவன் மூக்கு ஒரு தடவை ஆடியது. ஆனாலும் எழுதிக்கொண்டான். ஒன்று வெகுளி, இல்லை பலே கள்ளன்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தனும் களி என்றானாம். அவன் வாசலில் கோழி இறகு!

எதிர்வீட்டு ஆரோக்கியம் மட்டும் தலைகீழ். மூன்று பெண்களையும் வரிசையாக நிற்க வைத்து, "எங்க வீட்ல தினம் கறிதான் தம்பி. ஞாயித்துக்கெழம பிரியாணி. எல்லாம் பெரியவ கைப்பக்குவம்" என்றாளாம். அந்தப் பெரியவளுக்கு அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரியாது. அவர்கள் வீட்டில் தினம் ரசம்.

ஜூலை 12, புதன்

மழை. குடை கிழிந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

மைசூர் போய் வந்தான் பையன். முகம் செத்துக் கிடந்தது. சாப்பாடு வேண்டாம் என்றான்.

"புரொபசர் ஏசிப்போட்டார், அக்கா. பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீடெல்லாம் பணக்காரராம், இல்லாத வீடெல்லாம் பட்டினியாம். அப்பிடி ஒரு ஊர் உலகத்தில இல்லை, நீ அறைக்குள்ள இருந்து கதை கட்டி எழுதினனீ என்டார்."

முதலில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் சரியானதைக் காட்டாவிட்டால் பட்டம் கிடையாதாம், கப்பல் ஏற வேண்டியதுதானாம். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

மூக்கைச் சிந்தினான். போலீஸ்காரன் இப்படிச் சிந்துவானா? நடிப்பாக இருக்குமோ? எதற்கும் இருக்கட்டும் என்று மிளகு ரசம் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னான்: "நீங்கள் ஒராள்தான் எனக்கு உண்மை சொன்னனீங்கள், அக்கா."

இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 13, வியாழன்

துணி துவைத்தேன். காயவில்லை. யோசித்து யோசித்து மத்தியானம் கூப்பிட்டேன்.

"ஏம்ப்பா, கண்ணாடியில மூஞ்சி பாத்தியா? மீசை, படிப்பு, தாலி கட்டுற வயசு. பொண்ணு வச்சிருக்கறவ உங்கிட்ட ரசம்னா சொல்லுவா? மத்தவங்களுக்கு நீ வரிக்காரன். களின்னு அழுவாங்க."

வாயைப் பிளந்தான்.

"இனிமே அவங்கவங்க வீட்டைக் கேக்காதே. அடுத்த வீட்ல என்ன குழம்புன்னு கேளு. அப்புறம் வாயை மூடிக்கிட்டு எழுது."

ஜூலை 16, ஞாயிறு

பூசை. பிறகு கறிக்கடையில் கூட்டம். அரை வீசை, எலும்போடு.

மூன்று நாளாகப் பையனுக்குத் தெருவெல்லாம் ராஜ மரியாதை. கோவிந்தன் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து ஆரோக்கியம் வீட்டு ரசத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினான். யாரும் நிறுத்துவதாயில்லை. மூன்று பேர் சொன்னது ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்கிறானாம். புரொபசர் இதை ஒப்புவார் என்கிறான்.

இன்று ஆரோக்கியத்தின் முறை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையை நீட்டி நீட்டி என் அடுப்பங்கரையையே காட்டுகிறாள். அவன் எழுதுகிறான், எழுதுகிறான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதுகிறான். அப்படி என்னதான் சொல்கிறாள் பாவி?

வந்தான். "என்ன சொன்னா அவ?"

"ஒன்டுமில்லை, அக்கா." கால் கழுவி, மணையை அவனே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அந்தக் களியில கொஞ்சம் போடுங்கோவன். எலும்போட."