பழுது நீங்கி வந்த கைப்பேசி சிங்கப்பூரை மட்டுமே தேடுவது குறித்து

அனுப்புநர்:
கிருஷ்ணம்மா த/பெ சின்னையா,
எண் 14, ஜாலான் செம்பாக்கா 3,
தாமான் செம்பாக்கா,
ரெங்கம், ஜொகூர்.

பெறுநர்:
உயர்திரு சிவகணேசன் அவர்கள்,
புகார்ப் பிரிவு அதிகாரி,
பயனீட்டாளர் குறைதீர்ப்பு அலுவலகம்,
ஜொகூர் பாரு.

பொருள்: உத்தரவாதப் பழுதுபார்ப்புக்குப் போன என் கைப்பேசி, சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் சிம் கார்டை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டுத் திரும்பி வந்ததும், அதனால் ஒரு கல்யாணம் கலையும் நிலையில் இருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

புகாருக்குள் நுழையுமுன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜொகூர் பாருவில், சிங்கப்பூருக்கு எதிரே உள்ள ஸ்துலாங் கடற்கரையில், கத்தரிப்பூ நிறப் புடவை கட்டிய பருத்த அம்மாள் ஒருவர், தடுப்புக் கம்பியின்மேல் ஒரு காலை வைத்து, கைப்பேசியைச் சிங்கப்பூர்ப் பக்கமாக உயர்த்திப் பிடித்து, "இப்ப கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கத்தும் காணொளி ஒன்று ஊரெல்லாம் சுற்றி வருகிறது. தங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். அது நான்தான். அது வேண்டுதல் அல்ல. எனக்கு அருள் வரவும் இல்லை. பின்னால் கேட்கும் உடுக்கைச் சத்தம் யாரோ பிறகு சேர்த்தது. நான் அந்த இடத்தில் அந்தக் கோலத்தில் நிற்க நேர்ந்த காரணமே இம்மனு.

1. நான் கல்யாணத் தரகர். செனாய் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலத்தில், உணவு இடைவேளையில் யாருக்கு யார் தோது என்று பேசிப் பேசியே இந்தத் தொழில் என்னைப் பிடித்துக்கொண்டது. ரெங்கம், பாலோ, குளுவாங் வட்டாரத்தில் நான் சேர்த்துவைத்த ஜோடிகளில் பெரும்பாலோர் இன்றும் என்னோடு பேசுகிறார்கள். சிலர் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. அது என் பொறுப்பில் வராது. எனக்கென்று அலுவலகம் கிடையாது. படங்கள், ஜாதகங்கள், எந்த வீட்டு மாமியார் எப்படிப்பட்டவர் என்ற குறிப்புகள் யாவும் அடங்கிய அந்தக் கைப்பேசிதான் அலுவலகம்.

2. அதைச் சென்ற ஆண்டு குளுவாங்கில் புதிதாக, ரசீதோடு வாங்கினேன். சில மாதங்களுக்கு முன் அதில் ஒரு கோளாறு வந்தது. எதிர்முனையில் இருப்பவர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவருக்குக் கேட்காது. என் வீட்டில் இதை யாரும் பழுதாகக் கருதவில்லை. "இப்பதான் ஒழுங்கா வேலை செய்யுது" என்றார் என் கணவர் கமலநாதன். ஆயினும் தொழில் கருதி, அதைத் தயாரித்த நிறுவனத்தின் குளுவாங் பழுதுபார்ப்பு மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உத்தரவாதக் காலம் முடியாததால் மறுப்பின்றி வாங்கிக்கொண்டார்கள். உள்ளேயிருக்கும் முக்கியப் பலகையையே மாற்றிவிட்டோம் என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். "சோதிக்கப்பட்டது, நன்று" என்று சீட்டிலும் எழுதியிருந்தார்கள்.

3. வீட்டுக்கு வந்து என் சிம் கார்டைப் போட்டால், இந்தக் கார்டு செல்லாது என்று திரையில் வருகிறது. பக்கத்து வீட்டு சீனப் பெண்மணியின் கார்டும் செல்லவில்லை. மறுநாளே மையத்துக்குத் திரும்பிப் போனேன். முகப்பில் இருந்த மேற்பார்வையாளர் ஜெயபாலன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"போன் ஓகே லா ஆன்ட்டி. சிங்கப்பூர் கம்பெனிக்கு லாக் ஆகியிருக்கு, அவ்வளவுதான். அந்தச் சிம் போடுங்க, ஓடும்."

நான் ரெங்கத்தில் குடியிருக்கிறேன், சிங்கப்பூரில் அல்ல என்பதை எடுத்துரைத்தேன்.

"அப்ப நீங்க அங்க கான்ட்ராக்ட்ல எடுத்த போனா இருக்கும் ஆன்ட்டி. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

ரசீதைக் காட்டினேன். அது கைப்பேசி வாங்கியதற்குத்தான் சான்று, பூட்டு இல்லாமல் இருந்ததற்குச் சான்று இல்லை என்றார். என் முப்பதாண்டுத் தரகு வாழ்க்கையில் இப்படி ஒரு வாதத்தை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் வைத்ததில்லை. என் கணிப்பு இதுதான் ஐயா: அக்கரைக் கைப்பேசி ஒன்றிலிருந்து கழற்றிய பலகையை என் கைப்பேசிக்குள் வைத்துவிட்டார்கள். உடம்பு ரெங்கத்தில், புத்தி சிங்கப்பூரில். அப்படிப்பட்ட மாப்பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காவது வாரக் கடைசியில் வீட்டு நினைப்பு வரும்.

கோலாலம்பூர்த் தலைமையகத்துக்கு என் மகள் லோஷினியின் கைப்பேசியிலிருந்து அழைத்தேன். குளுவாங்கில் கேளுங்கள் என்றார்கள். குளுவாங்கில், சிங்கப்பூர் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். சிங்கப்பூர் நிறுவனமோ, தங்கள் வாடிக்கையாளராக இருந்தால்தான் பூட்டைத் திறப்போம் என்றது.

4. "போன் ஓகே" என்ற அவர்களின் கூற்று உண்மையா பொய்யா என்பதை நானே அறிய முடிவு செய்தேன். லோஷினி நாள்தோறும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவள். அவளிடம் மிச்சமாகக் கிடந்த சிங்கப்பூர்க் கார்டு இந்தப் பக்கத்தில் வேலை செய்யாதபடி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே அக்கரை அலை எட்டும் இடத்துக்குப் போனால்தான் சோதிக்க முடியும். அவளுடைய ஓய்வு நாளின் மாலையில் என்னை ஸ்துலாங்குக்குக் காரில் கூட்டிப்போனாள். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, யார் பெற்ற தாயோ என்ற பாவனையில் உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். கம்பியின்மேல் காலை வைத்த பிறகே ஒரு கோடு அலை கிடைத்தது. பழுதுபார்ப்பு மையத்துக்கே அழைத்தேன். காணொளியில் தாங்கள் காண்பது இந்தக் கட்டம்.

"கேக்குது ஆன்ட்டி, நல்லா கேக்குது" என்றார் ஜெயபாலன். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, போன் ஓகேன்னு."

ஆக, அவர் சொன்னது உண்மை என்பதை நிரூபிக்க நான் ஜொகூர் பாரு வரை போய் வந்தேன்.

5. இனி உண்மையான இழப்புக்கு வருகிறேன். இதுவரை எழுதியது என் மானம் பற்றியது. அது போனால் மயிரே போச்சு என்று விட்டுவிடலாம். இனி வருவது அப்படியல்ல.

எங்கள் தொழிலில் 'வேண்டாம்' என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் இரண்டு குடும்பமும் அடுத்த கோயில் திருவிழாவில் ஒரே பந்தியில் உட்கார முடியாது. அதற்காக நானே ஒரு முறை வகுத்து வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் என்றால் எனக்கு அழைக்க வேண்டும். பெண் வீட்டாருக்கும் சம்மதமானால் நான் எடுத்துப் பேசுவேன். இல்லையென்றால் மூன்று முறை அடித்தாலும் எடுக்கமாட்டேன். அவ்வளவுதான். யாரும் யாரையும் மறுக்கவில்லை. கிருஷ்ணம்மா போனை எடுக்கவில்லை. இந்த முறை வட்டாரம் முழுக்க எல்லாருக்கும் தெரியும்.

குளுவாங்கில் சிறுநீரகச் சுத்திகரிப்பு மையத்தில் தாதியாக இருக்கும் ஷர்மினிக்கும், செனாயைச் சேர்ந்த தீபனுக்கும் ஆனி மாதத்தில் பெண் பார்க்கும் சடங்கை நடத்திவைத்தேன். ஷர்மினிக்கு வயது முப்பத்தாறு. இதற்குமுன் பலர் வந்து பலகாரம் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்காகத்தான் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். இம்முறை அவர்கள் கிளம்பிப் போனதும் அடுப்படிக்கு வந்து, "அவங்க போன் பண்ணா உடனே எடுத்துருங்க ஆன்ட்டி" என்று என் காதோடு சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

ஆடி பிறப்பதற்குள் சம்மதம் சொல்லிவிட வேண்டும் என்று தீபனின் தாயார் அன்னலட்சுமி அம்மாள் என் எண்ணுக்கு அழைத்திருக்கிறார். மூன்று முறை. நான் ஸ்துலாங்கில் கம்பியின்மேல் நின்றிருந்த அதே மாலையில்.

சிம் கார்டை வேறு கைப்பேசியில் போட்டிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். போட்டேன். வீட்டில் இருந்தது என் கணவரின் பழைய பொத்தான் கைப்பேசி ஒன்றுதான். அதன் திரை இருண்டுவிட்டது. யார் அழைத்தார்கள் என்று பார்க்க முடியாது. அழைப்பு வந்தால் ஒலிக்கும் பாட்டுக்காகவே அவர் அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறார். அன்று அதை அவர் பொறுப்பில் விட்டுப் போனேன். திரும்பி வந்து கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லையே" என்றார். அந்தக் கிழட்டுப் பெட்டிக்கு எங்கள் வரிசை வீட்டுக்குள் அலை எட்டுவதில்லை என்பதே என் முடிவு.

6. அவர் அழைத்த செய்தி ஊர்வாய் வழியாக என் காதுக்கு வந்ததும் செனாய்க்கு ஓடினேன். அன்னலட்சுமி அம்மாள் தேநீர் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"மூணு தடவ அடிச்சேன் கிருஷ்ணம்மா. நீங்க வச்ச சட்டம்தானே? பொண்ணு வீட்டுல வேணாம்னா வேணாம், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

கைப்பேசி பூட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எங்க அண்ணன் மகனுக்குப் பார்த்தப்பயும் உங்க போன் தண்ணில விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி மகமாயி கோயில்ல தொலைஞ்சு போச்சு. உங்க போனுக்கு மட்டும் எவ்வளவு கண்டம்."

ஐயா, அந்த இரண்டு கதையையும் நான் சொன்னது உண்மை. இரண்டு முறையும் என் கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் முறையாக மெய்யாகவே கெட்டுப்போன போதுதான் நம்புவதற்கு ஆள் இல்லை. தீபன் நேரில் கேட்டுப் பார்க்கிறேன் என்றானாம். வேண்டாம் என்றவர்கள் வாசலில் போய் நிற்காதே என்று தாயார் தடுத்துவிட்டார். ஆவணி முதல் ஞாயிறு, பாலோவில் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போகிறார்கள். அந்தத் தரகர் வேறு ஆள். அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, பல் கட்டியது என்பதைத் தவிர.

ஷர்மினி என் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல ஆன்ட்டி, விடுங்க. எனக்குப் பழகிடுச்சு" என்றாள். என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் விடுவதாக இல்லை.

7. ஆகவே தங்களிடம் நான் கோருவன:

(அ) என் கைப்பேசியின் பூட்டை, பழுதுபார்த்த அந்நிறுவனம் தன் பொறுப்பில் திறந்து தர வேண்டும். அல்லது மலேசியாவில் வாழச் சம்மதிக்கும் பலகை ஒன்றை உள்ளே வைத்துத் தர வேண்டும்.

(ஆ) ஆனி மாதம் அவர்கள் திருப்பித் தந்த நாள் முதல் இன்றுவரை இக்கைப்பேசியில் என் எண்ணுக்கு எந்த அழைப்பும் வந்திருக்க வழியில்லை என்று, நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், கையொப்பமிட்டு, அலுவலக முத்திரைச் சாப்பு குத்தி, ஒரு கடிதம் தர வேண்டும். என் வாய்ச்சொல் செல்லாத இடத்தில் சாப்பு செல்லும். அன்னலட்சுமி அம்மாள் முப்பது ஆண்டு அரசாங்க அலுவலகத்தில் இருந்தவர்; சாப்பைப் பார்த்தால் எழுந்து நிற்பார்.

எனக்கு நட்ட ஈடு வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். இந்த இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், (ஆ) போதும். கைப்பேசி சிங்கப்பூரிலேயே இருந்துகொள்ளட்டும்.

ஆவணி பிறக்குமுன் கடிதம் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வருவேன், நாள்தோறும் வருவேன். காத்திருக்கும் வேளையில் தங்கள் பணியாளர்களில் யார் யார் இன்னும் தனியாக இருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் என்னால் சும்மா உட்கார முடியாது. இதை மிரட்டலாகக் கொள்ள வேண்டாம், சுபாவம்.

இம்மனுவின் மலாய்ப் பிரதியை லோஷினி தயாரித்து இணைத்திருக்கிறாள். அது ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஷர்மினியைப் பற்றித் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் தமிழில் உள்ளதையும் வாசிக்கும்படி வேண்டுகிறேன்.

தங்கள் சாப்பை நம்பி,

கிருஷ்ணம்மா

இடம்: ரெங்கம்
நாள்: 21.7.2025

இணைப்பு: வாங்கிய ரசீதின் நகல், பழுதுபார்ப்புச் சீட்டின் நகல், மலாய்ப் பிரதி, காணொளி (உடுக்கைச் சத்தம் நீக்கியது).

பின்குறிப்பு: உறையில் இடுமுன் இம்மனுவை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் பத்தி வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். அன்று மாலை பொத்தான் கைப்பேசி அடித்ததாம், மூன்று முறையும், முழுதாக. பிறகு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "நல்ல பாட்டு. எடுத்தா நின்னுடும்ல" என்றார்.