புதைந்த பள்ளத்தின் பிளம் மரம்

மே 14, ஞாயிறு, மாலை 5:40.
போட்ட துளைகள் மூன்று. பாறை தட்டியது: ஒன்றிலும் இல்லை.

நான் கல்யாணம் செய்யப்போகும் சிஹோவின் அப்பா எங்களுக்கு வீடு கட்டத் தரும் நிலம். அவர் வீட்டுக்குப் பின்னால், மலைச்சரிவு தொடங்கும் இடத்தில். ஒரே மகள் என்பதால் நான் அவர்கள் குடும்பப்பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜனவரியில் கேட்டார். சட்டப்படி கணவன் மனைவிக்கு ஒரே பெயர்தான், யாராவது ஒருவர் விட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு நிமிடத்தில் சரி என்றேன். ஷின்தாகு கோஹெய், உமேசாகோ கோஹெய் ஆவான். அவ்வளவுதானே.

மண் சோதனை என் தொழில். சொந்த வீட்டுக்குச் செய்யாமல் விடுவதா? அலுவலகத்தின் சின்ன இயந்திரத்தைக் கடன் வாங்கி வந்தேன். அவர் தேநீருடன் வந்து நின்றார்.

"ஊசி போட்டு முடிச்சிட்டீங்களா டாக்டர்? என் நிலத்துக்குக் காய்ச்சலா?"

சிரித்தேன். மூன்றாவது துளையில் நாலு மீட்டருக்குக் கீழே உடைந்த கற்களும் சேறும் அடுக்கே இல்லாமல் கலந்து வந்திருந்தன. கூடவே கறுத்த மரத்துண்டு ஒன்று. ஒரு மரத்தின் மேல் நாலு மீட்டர் மண் எப்படி ஏறியது?

அவரிடம் சொல்லவில்லை. ஒரு மாதிரியை வைத்து முடிவு கட்டக் கூடாது.

மே 16
மரத்துண்டு மேசையில் இருக்கிறது. பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்தும் நாறுகிறது.

மே 17
அலுவலகத்தில் ஒகிமோதோ சானிடம் மண் மாதிரிகளைக் காட்டினேன். என் மேலாளர். இருபது வருடம் சரிவுகளையே பார்த்தவர். மாதிரியைப் பார்க்குமுன் பெயரைக் கேட்டார்.

"யாரோட நிலம்?"

"உமேசாகோ."

வெள்ளைப் பலகையில் இரண்டு விதமாக எழுதினார். முதலாவது அவர்கள் எழுதுவது: பிளம் மரத்து எழுத்தும் பள்ளத்தாக்கு எழுத்தும். இரண்டாவதிலும் பள்ளத்தாக்கு அதேதான். பிளமுக்குப் பதில், உமே என்றே ஒலிக்கும் வேறு எழுத்து. புதைத்தல்.

"எத்தனை ஊர்ல இப்படிப் பாத்திருக்கேன் தெரியுமா? மண்ணு மூடின இடத்துக்கெல்லாம் பின்னாடி பூவும் பழமும் வெச்சு எழுதிடுவாங்க. அங்க பிளம் தோப்பு இருக்கா?"

"ஒரே ஒரு மரம். வீட்டு வாசல்ல."

"அது பேருக்கு நட்ட மரமா இருக்கும். பேசாம உன் பேரையே வெச்சுக்கோ தம்பி. ஷின்தாகு, புதுவீடு. எவ்வளவு பொருத்தம். புதுவீட்டை விட்டுட்டுப் புதைபள்ளத்துக்கு மாப்பிள்ளையா போறேங்கறியே."

எரிச்சல். பெயர் ஆதாரமில்லை. புதுவீடு என்ற பெயரோடு இருபத்தெட்டு வருடமாக வாடகை அறைகளில்தான் இருக்கிறேன். மண்தான் ஆதாரம். அதைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். சிரிப்பு நின்றது.

"பழைய மண்சரிவு. ஒரு தடவை வந்த மண்ணு இல்ல இது. ரெண்டு தடவையாவது வந்திருக்கு."

மே 20, சனி
சரிவில் நான்கு இரும்புக் குச்சிகள் நட்டேன், நேர்கோட்டில். பக்கத்துப் பாறையில் இரண்டு ஆணி அடித்து அவற்றுக்கிடையே நைலான் கயிறு. கயிற்றை விட்டு ஏதாவது குச்சி விலகினால் சரிவு நகர்கிறது.

சிஹோவின் அப்பா மேலே ஏறி வந்தார். "துணி காயப்போடவா?"

"ஆமா, மழைக்காலம் வருதுல்ல."

பொய். ஏன் பொய் சொன்னேன்? அளவு கிடைத்ததும் பேசலாம் என்றுதான். ஆனால் அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்கு நிலத்துக்குப் பூஜை வைத்துவிட்டார். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாள். பூசாரிக்கும் சொல்லியாகிவிட்டது.

வாசல் மரத்தின் அடிமரம் அரிவாள் போல வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கிறது. மண் மெல்ல நகரும் இடத்தில் மரம் அப்படித்தான் வளரும். இத்தனை முறை போயும் இன்றுதான் கவனித்தேன். சிஹோ அந்த வளைவில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுகிறாள்.

அந்த வீட்டில்தான் அவளும் தூங்குகிறாள்.

மே 21
சொதப்பிவிட்டேன்.

சிஹோ வீட்டில், ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன். மண் மாதிரி, கற்கள், மரத்துண்டு, குச்சிகள் நிஜத்தில் எதற்கு என்பது, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நகராட்சியோட மண்சரிவு வரைபடத்துல இது மஞ்சள் பகுதி, எச்சரிக்கை மட்டும்தான். சிவப்புக் கோடு மேல தள்ளி இருக்கு. கட்டலாம்னு அவங்களே சொல்றாங்க."

"கோடு போட்டவங்க இங்க வந்து துளை போட்டுப் பாக்கல."

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு மழையில ஊரே கலங்குச்சு. இங்க ஒரு கல்லு உருளல."

"அது அதிர்ஷ்டம்."

"நூத்தம்பது வருஷமா அதிர்ஷ்டமா?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். சூடாகிவிட்டேன். "உங்க பேரே சொல்லுதே. உமேன்னா பிளம் இல்ல, புதைச்சது. அழகான எழுத்தைப் போட்டு மறைச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

அவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "பேர் பிடிக்கலைன்னா எடுத்துக்க வேண்டாம் ஷின்தாகு குன். யாரும் கெஞ்சல."

சிஹோ என்னைப் பார்க்கவே இல்லை. வாசல்வரை வந்து மெல்லச் சொன்னாள். "மண்ணைப் பத்திப் பேசு. எங்க பேரை எதுக்கு இழுத்த? அம்மாவோட கல்லறையில இருக்கற பேரு அது."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை?

மே 22
அலுவலகத்தில் பெயர் ஆதாரமில்லை என்று நினைத்தவன் நான். அதையே ஆயுதமாக எடுத்தவனும் நான்.

மே 25
சிஹோவிடமிருந்து: "கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். வேலை அதிகம்." பல் மருத்துவமனையில் அவளுக்கு அப்படி என்ன வேலை அதிகம்?

"சரி" என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது? சரியில்லை. எதுவும் சரியில்லை.

மே 30
மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று வானிலை ஆய்வு மையம். வழக்கத்தைவிட முன்கூட்டியே.

ஜூன் 2
நாள் முழுக்க மழை. வேலை ஓடவில்லை. மழைமானிக் கணக்கை மணிக்கொரு தரம் பார்க்கிறேன். கயிற்றில் இப்போது என்ன அளவோ? போய்ப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அது அவர் நிலம். குச்சி என்னுடையது. அது போதுமா?

அம்மா தொலைபேசினாள். "அண்ணன் இருக்கானே, நம்ம பேரு அவனோட போகட்டும். உனக்கு அந்தப் பொண்ணு வேணுமா, வேண்டாமா, அதைச் சொல்லு."

வேணும்.

அவள் உயிரோடு வேணும் என்று சொன்னால் அம்மா பயப்படுவாள். சொல்லவில்லை.

ஜூன் 11, ஞாயிறு
தூறல். சிஹோவின் அப்பா எழும் முன் அளந்துவிட்டு வந்துவிடலாம் என்று முதல் பேருந்தில் போனேன். சரிவில் ஏறினால் ஏற்கெனவே அவரே அங்கே குனிந்து நிற்கிறார். மழை அங்கி, கையில் பள்ளிப் பிள்ளைகளின் முப்பது சென்டிமீட்டர் அளவுகோல்.

"மூணாவது குச்சி. ஆறு மில்லிமீட்டர்," என்றார், திரும்பாமலே. "மத்தது அசையல. நான் சரியா அளக்கறேனா?"

"கண்ணைக் கயித்துக்கு நேரா வெக்கணும்."

குனிந்து மறுபடி அளந்தார். "ஏழு."

பிறகு அங்கேயே, நனைந்த கல்லில் உட்கார்ந்து சொன்னார். எழுத்து மாறிய கதை அவருக்குத் தெரியும். கொள்ளுத்தாத்தாவின் மூத்த அண்ணனும் குடும்பமும் மண்ணுக்கடியில் போனார்கள். பிறகு ஊரார் எல்லாரும் குடும்பப்பெயர் பதிய வேண்டும் என்று அரசு உத்தரவு வந்தபோது, இந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. புதைந்த பள்ளத்து வீட்டுக்கு எவன் மகளை அனுப்புவான்? கோயில் பிக்கு பிளம் எழுத்தை எழுதிக் கொடுத்தார். கொள்ளுத்தாத்தா பெயர் பொய்யாகிவிடக் கூடாதென்று வாசலில் ஒரு மரம் நட்டார். அடுத்த வருடமே பெண் வந்தாள்.

"எழுத்து மாறினா மலை மாறும்னு அவர் நினைக்கல. அவர் ஒண்ணும் முட்டாள் இல்ல. அவருக்கு ஒரு மனுஷி வேணும், அவ்வளவுதான்."

"சிஹோகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னா பயந்து போயிடுவா. உன்கிட்ட சொன்னா நீ வராம போயிடுவ." அளவுகோலை அங்கியில் துடைத்தார்.

"நான் பேருக்காக வரலையே."

"மண்ணுக்காகவும் வரலைன்னு தெரியுது. ரொம்ப நல்லாவே தெரியுது."

பெயரைப் பற்றிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். வீடு கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூஜைக்கு இன்னும் ஒரு வாரம். நிறுத்தச் சொல்லலாமா? சொல்லவில்லை. இந்த முறை வாயை மூடிக்கொண்டேன், இதுவும் தப்போ என்னவோ.

ஜூன் 12
அவரிடமிருந்து செய்தி, வணக்கம்கூட இல்லை: "3-வது. 8."

ஜூன் 14
"3-வது. 8. மழை இல்ல."

ஜூன் 16
"3-வது. 11. பூசாரிக்கு உடம்பு சரியில்ல, பூஜை இல்ல."

ஒகிமோதோ சானிடம் காட்டினேன். அந்தப் பூசாரியை நேற்று மாலை மீன் கடையில் பார்த்தாராம். கல்லுக்குண்டாட்டம் இருந்தாராம்.

ஜூன் 23
சிஹோ வந்தாள், அறைக்கு. அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அழுததுபோல் இருந்தது, ஆனால் கோபமாகத்தான் பேசினாள். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. அந்த மரத்துமேல உக்காந்துதான் வளர்ந்தேன். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல."

"ஒருத்தரையும் பாக்கி வெக்காம சொன்னேனே, சாப்பாட்டு மேசையில."

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கொஞ்சம்தான். அந்த வீட்டை விட்டு வா என்று கெஞ்சினேன். அப்பாவைத் தனியாக விட்டு வர மாட்டாளாம். அவள் போன பிறகு மழைக்கணக்கை மறுபடி பார்க்கத் தொடங்கினேன்.

ஜூன் 29
"3-வது. 19. 2-வது. 4."

இரண்டாவதும் நகர்கிறது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஜூலை 1, சனி
காலை 7:15-க்கு மூன்றாம் நிலை எச்சரிக்கை: முதியோர் முன்பே வெளியேறவும். கிளம்பலாம் என்று காலணி மாட்டிக்கொண்டிருக்கும்போது கீழே அவர்கள் வீட்டுச் சின்ன லாரியின் ஒலிப்பான். சிஹோ ஓட்டி வந்திருக்கிறாள். பக்கத்தில் அவர், மடியில் துணி சுற்றிய பொட்டலம். வீட்டில் வைத்து வணங்கும் முன்னோர்களின் பெயர்ப்பலகைகள், சிஹோவின் அம்மாவுடையதும் சேர்த்து. காலடியில் பிளம் ஊறுகாய் ஜாடி.

"மழை நிக்கற வரைக்கும்தான்," என்றார். "முதியோர்னா யாரைச் சொல்றாங்கன்னு தெரியல. வயசு அறுபத்தேழுதான்."

பலகைகளை வைக்க இடம் இல்லை. புத்தக அலமாரியைக் காலி செய்தேன். மண்ணியல் நூல்களெல்லாம் தரையில். ஊறுகாயும் சோறும் சாப்பிட்டோம். மூவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 3
மழை விட்டது. எச்சரிக்கை நீங்கியதும் மூவரும் போய்ப் பார்த்தோம். மலை இறங்கவில்லை. வீடு நிற்கிறது. தவளைகள் கத்துகின்றன.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல," என்றார்.

இனி இவரை நகர்த்த முடியாது என்று நினைத்தேன்.

அவர் மூன்றாவது குச்சியருகே குந்தி, கண்ணைக் கயிற்றுக்கு நேராக வைத்தார். "முப்பத்தி நாலு." இன்னொரு முறை அளந்தார். பிறகு எழுந்து கீழே போய் வாசல் மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டினார். ஈரத் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"அடுக்குமாடியிலதான் இருக்கப் போறீங்கன்னா, பேருக்கு ஒரு மரம் வேண்டாமா, கோஹெய்?"

முதல் முறையாக, ஷின்தாகு என்று இல்லாமல், என் சொந்தப் பெயரால்.

செய்ய வேண்டியவை:

1. நாளை: குச்சிகளையும் அளவுகளையும் நகராட்சிக்குத் தெரிவிப்பது. அவர் கூட வருவதாகச் சொன்னார். பேசுவது அவர், நான் வாயை மூடிக்கொண்டிருப்பது.
2. பாறையிருக்கும் பக்கம் மூவர் தங்கும்படி வாடகை வீடு. அவர் மறுப்பார். வீட்டைக் கண்டுபிடித்த பிறகு சொல்வது.
3. புத்தக அலமாரியை இனி முன்னோர்களின் பலகைகளுக்கே விட்டுவிடுவது.
4. வெள்ளிக்கிழமை சிஹோவுடன் பதிவு அலுவலகம், கல்யாணத்தைப் பதிய. பெயர்: உமேசாகோ. பிளம் எழுத்தே.
5. தொட்டி, மண். பிளம் கிளை எளிதில் வேர் பிடிக்காது என்கிறார்கள். பிடிக்காவிட்டால் இன்னொரு கிளை வெட்டி வருவது.