நீங்கள் எனக்குத் தருவதாகச் சொன்ன மணை

அம்மா,

இன்றைக்குத் தபாலில் உங்கள் குருபூசை அழைப்பிதழ் வந்தது. நல்ல தடித்த மட்டை. பிரித்தவுடன் அச்சு மை மணந்தது. முன்பக்கத்தில் உங்கள் தம்பி மகனின் படம் பெரிதாக இருக்கிறது, உங்கள் படம் அவர் தலைக்கு மேலே தபால் முத்திரை அளவில். அவருடைய பெயருக்கு முன்னால் நான் இதுவரை கேள்விப்படாத பட்டங்களெல்லாம் போட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது. 'அன்னதானச் சமையல் உதவி' என்ற தலைப்பின் கீழ் ஐந்தாவது ஆள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, அடுப்படியில் போய் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு முடிய அழுகை வந்தது. நீங்கள் போய் மூன்று வருடமாகிறது, உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது.

நானாட்டான் கந்தோரில் கிளாக்கராக வேலை கிடைத்த வருடம் உங்கள் மடத்துக்கு முதன்முதல் வந்தேன். மன்னாருக்கு பஸ் வரும்வரை ஒதுங்க ஒரு நிழல் தேவைப்பட்டது, அவ்வளவுதான். பக்தி ஒன்றுமில்லை. அன்று வெள்ளிக்கிழமை. நீங்கள் அந்தப் பழைய மரமணையில் சம்மணம் கட்டி இருந்து, வருகிறவர்களின் நெற்றியில் உங்கள் கையாலேயே திருநீறு பூசிக்கொண்டிருந்தீர்கள். சால்வை போட்ட பெரியவர் ஒருவர் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"பொம்பிளை தீட்சை குடுக்கிறது எந்த ஆகமத்தில கிடக்கு?"

நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஐயா, ஆகமம் வேணுமெண்டால் கோயிலுக்குப் போங்கோ. திருநீறு வேணுமெண்டால் உள்ளுக்கு வாங்கோ. வெயிலுக்குள்ள நிண்டு கத்தாதையுங்கோ."

சனம் சிரித்தது. அவர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து குனிந்தார். நான் அன்று இரண்டு பஸ்ஸை விட்டேன். ஒரு பெண் அப்படி இருக்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் காட்டவில்லை.

அடுத்த வருடம் என் காதில் மந்திரம் சொன்னீர்கள். பிறகு தேவாரம் படிப்பிக்க விட்டீர்கள், நோயில் கிடந்த வருத்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினீர்கள். ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால் மணையைத் தட்டிக் காட்டி, "எனக்குப் பிறகு இதில இவள்தான் இருப்பாள்" என்றீர்கள். நான் கேட்கவில்லை அம்மா. நீங்களாகத்தான் சொன்னீர்கள்.

அந்த நேரம்தான் வெள்ளாங்குளத்து வாத்தியார் ஒருவரின் சம்பந்தம் வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை நான் உங்களிடம் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தது. "மணையில இருக்கிறவளுக்குக் குடும்பம் சரிவராது. ரெண்டில ஒண்டு. யோசிச்சுச் சொல்லு" என்றீர்கள். மூன்று நாள் யோசித்து, மணை என்றேன். என் வீட்டார் மறுப்புச் சொல்லி அனுப்பியும் நம்பாமல், அவர் சைக்கிளில் கந்தோருக்கே வந்தார். "உங்களுக்கும் விருப்பமில்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார். விருப்பமில்லை என்று பொய் சொன்னேன். நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

பிறகு சண்டை வந்து எல்லாரும் இடம்பெயர்ந்தோம். உழவு இயந்திரப் பெட்டியில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு முழம். அதில் உங்கள் மணையை மடியில் வைத்துக்கொண்டு போனேன், என் உடுப்புப் பையை ஏற்ற இடமில்லாமல் விட்டுவிட்டு. ஒரு பள்ளிக்கூட மரத்தின் கீழ் அதைப் போட்டு உங்களை இருத்தினோம். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்கள் உங்கள் முன்னால் வந்து விழுந்தார்கள். நீங்கள் களைத்துப் படுத்த நாட்களில் அவர்களை நான்தான் பார்த்தேன். உங்கள் தம்பி மகன் அப்போது கொழும்பில் இருந்தார். ஒரு கடிதம் வந்ததாகவும் எனக்கு ஞாபகமில்லை.

திரும்பி வந்து, மடத்துக்குக் கூரை போட்டு, நடந்த முதல் பூசையை எப்படி மறப்பேன்? அடுத்து மணையில் யார் என்று நீங்கள் அறிவிக்கப் போவதாக எல்லாரும் சொன்னார்கள். நான் விடிய எழும்பி மணையைக் கழுவி, மஞ்சள் பூசி, புதுத் துணி விரித்தேன். புது வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தேன். என் கையில் பூத்தட்டு. நீங்கள் எழும்பி நின்று, "தம்பி, இஞ்ச வா" என்றீர்கள். கொழும்பிலிருந்து முதல் நாள்தான் வந்திறங்கிய உங்கள் தம்பி மகன் வந்து மணையில் இருந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் நின்றாள். கடைசிப் பிள்ளை ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது. எல்லாரும் அதைப் பார்த்து, என்ன அழகு என்றார்கள்.

நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. நான் தட்டில் இருந்த பூவை அவர் காலில் போட்டேன். போட்ட கை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னேரம் அடுப்படியில் உங்களைப் பிடித்தேன். "குருவுக்கு ஆணென்ன பெண்ணென்ன எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது சரி பிள்ளை. ஆனால் நான் வேற. என்னை அம்மாள் சின்னனிலயே பிடிச்சவ. உன்னைச் சனம் ஏற்காது. ஆம்பிளை ஒண்டு இருந்தால்தான் மடம் நிக்கும்."

"அவருக்குக் குடும்பம் இருக்குதே அம்மா?"

"அவன் ஆம்பிளை" என்றீர்கள்.

கோபத்தைவிட வெட்கம்தான் எனக்கு அதிகமாக வந்தது. இத்தனை வருடமும் எங்கள் எல்லாருக்குமாகப் பேசுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் உங்களை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அன்றைக்கே பஸ் ஏறி மன்னாருக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டில் மீன் விற்கிற பிலோமினா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். "எங்கட மாதா கோயில்லயும் சுவாமிமார் எல்லாரும் ஆம்பிளையள்தான் பிள்ளை. ஆனால் அதை முதலே சொல்லிப்போடுவினம்" என்றாள்.

நீங்கள் மன்னார் ஆசுபத்திரியில் கிடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். வரக்கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. தனி அறை. உங்கள் தம்பி மகன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் மெலிந்து, கட்டிலில் பாதிகூட இல்லை. என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை, "கதவைச் சாத்து பிள்ளை."

சாத்தினேன். "திருநீறு பூசிவிடு. காதில மந்திரத்தைச் சொல்லு" என்றீர்கள். குரு சீடனுக்குச் செய்வதை நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். பூசினேன். குனிந்து சொன்னேன். நீங்கள் கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டீர்கள். அந்த நிமிடம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றே நினைத்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நீங்கள் சேலைத் தலைப்பை இழுத்து, நெற்றியை நன்றாகத் துடைத்துவிட்டு, "வா தம்பி" என்றீர்கள்.

அவர் வந்து தன் கையால் பூசினார். நான் வெளியேறினேன். நான்காம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள், நான் வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஆறு பெண்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். முழங்கால் வலியால் கீழே சம்மணம் கட்ட முடியாமல் கதிரையில் இருக்கிறேன். எனக்குப் பிறகு யார் என்பதை அவர்களே கூடிப் பேசித் தீர்மானிக்கட்டும், நான் யாருக்கும் வாக்குத் தரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். உங்களை வணங்கித்தான் தொடங்குகிறேன், கோபத்தோடேயே வணங்குகிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகக் குனிவார்கள். பூசி முடித்ததும் அவள் கையைத்தான் பார்க்கிறேன், துடைத்துவிடுவாளோ என்று. இதுவரை ஒருத்தியும் துடைக்கவில்லை. இருந்தும் ஒவ்வொரு வெள்ளியும் பார்க்கிறேன் அம்மா.