இரைச்சலில் நன்றாகக் கேட்கும் காது

ஜார்ஜ் டவுன், பினாங்கு
19.11.1978

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் லீட்ஸிலிருந்து வாராவாரம் எழுதுகிறாய், குளிர் எப்படி, கேன்டீன் சாப்பாடு எப்படி வாயில் வைக்க முடியவில்லை என்றெல்லாம். அதில் எதை நம்புவது என்று தெரியாமல்தான் உன் கடைசிக் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. தபால் தாமதம் என்று நினைத்திருப்பாய், தபால் ஒழுங்காகத்தான் போகிறது, நான்தான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

தீபாவளிக்கு முன்பு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் புடவைக் கடைக்குப் போயிருந்தேன். அப்பாவோடு துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் ஹபீப் முகம்மது எதிரே வந்தார். என்னக்கா, மகளுக்குக் காது ஆப்பரேஷன் தேதி கெடச்சிருச்சா, அண்ணே ஆபீஸ்ல தலைய புடிச்சிக்கிட்டே உக்காந்திருக்காருலா என்றார். எந்த மகளுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். நமக்கு இருப்பது நீ ஒருத்திதானே. இன்னும் இல்ல தம்பி என்று எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, புடவையும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அன்று அப்பாவைக் கேட்டபோது அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நீ நர்ஸ் பயிற்சியில் இருக்கும் வார்டில் இரவு ஒரு நோயாளி கூப்பிட்டது உனக்குக் கேட்காமல் போனதும், வார்டு சிஸ்டர் உன்னைப் பரிசோதனைக்கு அனுப்பியதும், நீ எனக்கு வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதமும் அவருக்கு ஆபீஸ் விலாசத்துக்கு வேறொரு கடிதமுமாக எழுதி வந்ததும். உன்கிட்ட சொன்னா அழுவே, நீ அழுதா அவ படிப்ப விட்டுட்டு ஓடி வந்துருவா, அதான் என்றார். உன் வயதில் நான் உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன் சுகிர்தா. கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு உன்னைப் பெற்றவள் நான். என்னை அழ மட்டும் தெரிந்தவள் என்று அப்பாவும் மகளும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள். ஹபீப் முகம்மது தாங்குவார், நான் தாங்க மாட்டேனா?

மறுநாளே ஒரு காது டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அப்பா சொன்ன ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனேன். நம் ஆட்களிடம் அபூர்வமாகத்தான் பார்ப்பேன் என்றார். நடுச்செவியில் இருக்கும் மூன்று எலும்புகளில் கடைசியானது, அங்கவடி எலும்பு, நான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியதுதான், அதன் அடிப்பாகம் இறுகிப்போய் அசையாமல் நின்றுவிடுமாம். தட்டினால் அதிரும் இசைக்கவையை என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், பிறகு காதருகே காற்றில் பிடித்தார். எனக்குக் காற்றில்தான் சத்தம் அதிகம், இந்த நோய்க்காரருக்கு எலும்பில்தான் அதிகமாம். பிறகு, உங்கள் மகளுக்கு அமைதியான இடத்தைவிட இரைச்சலான இடத்தில் நன்றாகக் கேட்குமா என்றார். அந்த இரைச்சல் இவர்களைத் தொந்தரவு செய்யாது, மற்றவர்களோ அதற்கு மேலே குரலை உயர்த்திப் பேசுவார்கள், அதனால் தெளிவாகக் கேட்குமாம். அடுத்து, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வந்தவளுக்கு அப்பாவின் தங்கை, உன் அருந்ததி அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

என்னைப் பெண் பார்த்தது கோயிலில் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வாருங்கள் என்று என் அப்பா எவ்வளவோ கூப்பிட்டும், திருவிழா நாள் நல்ல நாள், அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று உன் அப்பா வீட்டார் பிடிவாதமாக நின்றார்கள். தவிலும் நாதஸ்வரமும் காதைப் பிளக்க, என் அம்மா கேட்டதற்கெல்லாம் அருந்ததி பட் பட்டென்று பதில் சொன்னாள். நாத்தனார் கலகலப்பானவள் என்று என் அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். கல்யாணத்துக்குப் பிறகு இந்த அமைதியான வீட்டில் நான் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம், கண்டுக்காதே என்றார் உன் அப்பா. நானும் இத்தனை வருஷமாக அப்படியே நினைத்து, கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டேன். அவரைப் பெற்ற உன் தாத்தாவுக்கும் இதே நோய்தானாம், அதையும் உன் அப்பா இப்போதுதான் ஒப்புக்கொள்கிறார்.

இதையாவது பொறுத்திருப்பேன். உன் அப்பா உனக்கு ஈப்போவில் ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறாராம். ஆப்பரேஷனைச் சத்தமில்லாமல் அங்கேயே முடித்துக்கொண்டு நீ லீவில் வர வேண்டுமாம், தைப்பூசத்தன்று கோயிலில் மேளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பெண்ணைக் காட்டலாமாம். சொல்லும்போது அவருக்கு அது அன்று எங்களிடம் செய்த அதே பழைய வேலை என்றுகூடத் தோன்றவில்லை. ஈப்போ பையனின் அம்மாவும் ஒரு தாய்தானே, அவள் முன்னால் நான் சிரித்துக்கொண்டு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் அவர்களிடம் நான் வாய் திறக்கவும் மாட்டேன். நீயே சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் வருகிறவர்கள் வரட்டும். பிள்ளை உண்டாகும்போது இது கூடலாம் என்று டாக்டர் சொல்வதால் கட்டிக்கொள்பவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அருந்ததியிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். அண்ணி, அன்னிக்கே சொல்லலாம்னு வாயெடுத்தேன், அண்ணன் என் கையப் புடிச்சி அமுக்கிட்டாரு என்று அழுதாள். யாரும் அவளை ஒரு டாக்டரிடமும் காட்டியதில்லையாம், பெயர் வெளியே போய்விடும் என்று. புதன்கிழமை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். உன் அப்பா வரவில்லை என்றார், சரி என்றேன்.

ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் வயது உனக்கு ஆகிவிட்டது, வேண்டுமா வேண்டாமா என்பது உன் முடிவு. ஆனால் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு. அந்தச் சிறிய எலும்பை எடுத்துவிட்டு மெல்லிய கம்பி ஒன்றை வைப்பார்களாம், பெரும்பாலும் நன்றாகக் கேட்குமாம், எப்போதாவது ஒருவருக்கு அந்தக் காது அடியோடு போய்விடுவதும் உண்டாம். அதனால் முதலில் மோசமான காதை மட்டும், இரண்டையும் சேர்த்து வேண்டாம். எலும்பு வழியாகக் கேட்பதையும் காற்று வழியாகக் கேட்பதையும் தனித்தனியாக அளந்தார்களா, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேள், அந்த இடைவெளியைத்தான் ஆப்பரேஷன் திருப்பித் தர முடியுமாம். காதுக்கருவி வைத்தால் போதுமா என்றும் கேள், வெட்கப்படாதே. குளிரில் தலையை மூடிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

என் கோபம் இன்னும் ஆறவில்லை மகளே, சீக்கிரம் ஆறும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். அதற்காக ஆசீர்வாதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை, முருகன் உன் கூடவே இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. ஆப்பரேஷன் தேதி தெரிந்தால் எனக்கு நேராக எழுது. அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், எனக்குத் தெரிந்து அழுகிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
பத்மாவதி விஸ்வலிங்கம்