அக்காவைக் கொன்ற கதை

ஜூலை 9, 2025

இன்றும் பதில் இல்லை. சித்திரையில் பதிப்பகத்துக்கு அனுப்பிய கதைகள். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் ஆள் வராத மதிய நேரத்தில் மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். கடைக்காரர் ஜீனத்துன்னிசா அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா தேவி, பொண்ணு பாத்துட்டுப் போனவங்க தகவல் சொல்லணுமா? அப்படிப் பாக்குற!"

நான் கதை எழுதுவது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கடைக் கணினியில்தான் தட்டுகிறேன். சங்கராபுரத்தில் வேறு யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால், பட்டம் வாங்கியது இதற்கா என்பார்கள்.

ஜூலை 15

பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது. புத்தகமாகவே போடுவார்களாம். அச்சுச் செலவு முழுக்க என்னுடையதாம்.

"நீயே எழுதி, நீயே காசு குடுத்து, நீயே வித்துக்கினு... அப்போ அவன் இன்னாதான் பண்ணுவான்?" என்றார் ஜீனத் அக்கா. சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 27

கள்ளக்குறிச்சி நூலகத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். புதிதாக எழுதுபவர்களுக்கு வெள்ளிமலையில் ஒருநாள் கதை முகாம். நடத்துவது ஒரு சிற்றிதழ். முதலில் ஒரு கதை அனுப்ப வேண்டும். நன்றாக இருந்தால் இதழிலும் போடுவார்கள்.

எந்தக் கதை? என்னிடம் உண்மையான கதை ஒன்றுதான் இருக்கிறது. அது கண்ணகி அக்காவின் கதை.

அக்கா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. மாமா பெங்களூரில் வேலையாக இருக்கிறார் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு அம்மாவே கள்ளக்குறிச்சியில் சேலை எடுத்து வந்து, "மருமவப்புள்ள அனுப்பிச்சது" என்று தெரு முழுக்கக் காட்டுவாள். அக்கா அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். அதைத்தான் எழுதியிருக்கிறேன். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டேன். கடைசியில் அவள் அந்தச் சேலையோடு கிணற்றில் விழுந்து சாகிறாள். முடிவு கனமாக இருக்க வேண்டும் அல்லவா?

ஆகஸ்ட் 2

அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 12

தேர்வாகிவிட்டது! இதழாசிரியர் தமிழரசன் சார் கடை எண்ணுக்கே பேசினார். "முடிவு ஓங்கி அறையுதும்மா" என்றார். "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 14

அப்பா மரவள்ளிக்கு போர்வெல் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிமலையில் பயிற்சி என்று மட்டும் சொன்னேன்.

"மலைக்கு ஒண்டியாவா? கண்ணகிய கூட்டிக்கினு போ. கல்யாணம் ஆனவ கூட இருந்தா ஒருத்தனும் ஒன்னும் சொல்லமாட்டான்."

கதையே அவளுடையது. போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா வெளியே எங்காவது உட்கார்ந்திருப்பாள், கதை அவள் கைக்கு ஏன் போகப்போகிறது — இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு ஆசை.

ஆகஸ்ட் 25

நேற்று நடந்ததை எழுத வேண்டும். கை வரவில்லை. எழுதுகிறேன்.

அக்காவை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாகிறது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்து உரித்து என் கையில் கொடுத்தாள்.

மண்டபத்தில் நாங்கள் எழுதுகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்தோம். துணைக்கு வந்தவர்கள் பின்னால் கதவோரம் இருந்தார்கள்: ஒருத்தியின் கணவர், ஒருத்தியின் அம்மா, என் அக்கா. எல்லாக் கதைகளையும் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். தமிழரசன் சார் சொன்னார்: "கூட வந்தவங்களும் வாசகர்கள்தான். அவங்களுக்கும் குடுங்க."

எழுந்து போய்ப் பிடுங்கியிருக்கலாமா? எழ முடியவில்லை. அக்கா ஒன்பதாவது வரை படித்தவள். மெதுவாகத்தான் படிப்பாள். குனிந்த தலையின் வகிடு மட்டும் தெரிந்தது. தாள் திரும்பியது. மறுபடி திரும்பியது. என் கதையின் முறை வந்தது. எல்லாரும் நல்லதாகவே பேசினார்கள். "அவ செத்ததும் எனக்கு உடம்பு நடுங்கிடுச்சு" என்று ஒரு பெண் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

திரும்பும் பேருந்து மலை இறங்கியது. கோமுகி அணை வந்தபோது அக்கா கேட்டாள்.

"கெணறா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நம்ம கெணத்துல தண்ணியே இல்லயேடி."

சிரித்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சேலய எழுதுன, செரி. அம்மா பொய்ய எழுதுன, அதுவும் செரி, நெசந்தான. என்ன ஏன்டி கொன்ன?"

"அது கதைக்கா... முடிவுக்காக..."

"தெனம் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு, அம்மா பேச்சயும் கேட்டுக்கினு உயிரோட கெடக்குறேனே. அது உனக்குக் கதயா தெரியலயா?"

ஆகஸ்ட் 27

அடுத்த இதழில் போடுவதாகத் தமிழரசன் சார் பேசினார். முடிவை மாற்ற வேண்டும், கொஞ்சம் நாள் கொடுங்கள் என்றேன். "கெடுத்துடாதீங்கம்மா" என்றார்.

செப்டம்பர் 6

அக்கா என் முகம் பார்க்காமல் சோறு போடுகிறாள். ஐந்து முடிவுகள் எழுதிப் பார்த்தேன். புருஷன் திரும்பி வருகிறான். இவள் வேலைக்குப் போகிறாள். எல்லாம் பொய். சாகாதவளுக்கு முடிவு எப்படி எழுதுவது? எனக்குக் கொல்லத்தான் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 19

காலையில் பால் சொசைட்டியில் மேலத்தெரு சாலம்மாள் அத்தை வழக்கம்போல் கேட்டிருக்கிறார்: "இன்னாடி கண்ணகி, உன் ஊட்டுக்காரர் இந்தத் தீவாளிக்காவது வர்றாரா, இல்ல சேல மட்டும் வருதா?"

அக்கா கேனைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: "அவரு வரமாட்டாரு அத்தே. நானும் போமாட்டேன். சேலயெல்லாம் அம்மா எடுத்தது."

அவள் வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு வந்துவிட்டது. "மானத்த வாங்கிட்டியேடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சாப்பிடாமல் மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டார். அக்கா சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 21

பயந்து பயந்துதான் கேட்டேன். "அக்கா, சொசைட்டியில நீ சொன்னத எழுதட்டுமா?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் சொன்னாள்.

"கேட்டுட்டாவது எழுதுறியே. தேவலாம்."

அக்டோபர் 4

புது முடிவை அனுப்பினேன். பால் ஊற்றிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, காலிக் கேனோடு அவள் வீட்டுக்கு நடக்கிறாள். அவ்வளவுதான்.

அக்டோபர் 11

தமிழரசன் சாருக்குப் பிடிக்கவில்லை. "அந்த ஓங்கி அறையுறது இல்லாமப் போச்சும்மா. பழைய முடிவுன்னா இந்த இதழ்லயே வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

முதல்முதலாக என் பெயர் அச்சில். யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா எங்கே அந்த இதழை வாங்கப்போகிறாள்? இதெல்லாம் அந்த ஒரு நொடியில் தோன்றியது. யார் எது சொன்னாலும் சரிங்க என்கிறவள் நான்.

"இல்லைங்க சார். அது வேணாம்."

போனை வைத்தேன். ஜீனத் அக்கா தண்ணீர் கொடுத்தார்.

அக்டோபர் 20

தீபாவளி. அம்மா சேலை எடுக்கப் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவுமில்லை.

நவம்பர் 8

முகாமில் உடல் நடுங்கியதாகச் சொன்ன பெண் கடை எண்ணுக்குப் பேசினாள். அபிநயா, மணலூர்பேட்டை. கதை ஏன் வரவில்லை என்று கேட்டாள். சொன்னேன். புது முடிவை அனுப்பச் சொல்லிப் படித்துவிட்டு மறுபடி பேசினாள். "இது வேற கதப்பா. இதுல அவ தைரியத்தப் பாத்து எனக்குப் பயமே வந்துச்சு." அவளுக்குத் தெரிந்த நர்ஸ்கள் சிலர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்துகிறார்களாம். கொஞ்சம் பேர்தான் படிப்பார்களாம். அனுப்பினேன்.

டிசம்பர் 3

எடுத்துக்கொண்டார்கள். புனைபெயர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 23, 2026

இதழ் வந்தது. மெல்லிய தாள், என் பெயர் சிறிய எழுத்தில். முதலில் அக்காவிடம்தான் கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டேன். குரல் அங்கேயும் வந்தது. அம்மா தெருவுக்குப் பொய் சொல்லும் இடம் வந்ததும் அக்கா படிப்பதை நிறுத்திவிட்டாள். பாத்திரச் சத்தமும் நின்றது. அம்மா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"ஏன்டி நிறுத்திட்ட?" அம்மாவின் குரல். "படி. அப்புறம் இன்னா பண்ணா அவ?"