சிவப்பு விசிறியும் எழும்பாத படகும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், உன் தங்கை நலம், என் முழங்கால்கூட ஒருவழியாக நலம். போன வாரம் வரை இந்த வீட்டில் உடம்பு சரியில்லாமல் கிடந்தது படகு ஒன்றுதான். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லப்போகிறாய், அதனால் கேட்கவில்லை.

பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாகப் புதுசு மாட்டியதைப் போனிலேயே உன்னிடம் பீற்றிக்கொண்டேன் அல்லவா. கூடவே கூரை போட்டு எட்டு இருக்கையும் வைத்தோம், அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேலை கிடைக்கும் போலிருந்தது. படகுத்துறை அலுவலகத்தில் ஒரே நிபந்தனை, எட்டுப் பேரோடு இருபது நிமிஷத்தில் அக்கரை சேர வேண்டும், வெள்ளிக்கிழமை காலை சோதனை, தவறினால் வேலை வேறு படகுக்குப் போய்விடும். அப்புறம் உன் அம்மா புது இன்ஜினைக் கூடத்தில் நிறுத்தி, வருகிறவர் போகிறவருக்குக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தனியாக ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. எட்டுப் பேரை ஏற்றிக் கைப்பிடியை முழுசாகத் தள்ளினால் இன்ஜின் முக்குகிறது, மூக்கு வானத்தைப் பார்க்கிறது, பின்பக்கம் தண்ணீருக்குள் குந்திக்கொள்கிறது, படகு மேலெழும்பி வழுக்கிக்கொண்டு ஓடவே மாட்டேன் என்கிறது. முப்பத்திரண்டு நிமிஷம் ஆனது. ஏறியிருந்த நர்ஸம்மா இறங்கும்போது, "அடுத்த தடவை நான் நீந்தியே வந்துடறேங்க, நீங்க என் பையை மட்டும் கொண்டு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் துறை முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள், நல்ல பேச்சாக இருந்ததால் நானும் நாலு பேரிடம் சொன்னேன்.

நம் மெக்கானிக் காதுக்காரரை உனக்குத் தெரியும், ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜினிலும் பிடியைக் காதிலும் வைத்து நோய் கண்டுபிடிப்பவர், வீட்டில் மனைவி கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது. அவர் வந்து டேங்கில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார், பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், கைப்பிடியைத் தள்ளினால் கேபிள் கடைசிவரை இழுக்கிறதா என்று பார்த்தார், எல்லாம் சரி. அடிப்பலகையில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினோம். பாரம் அதிகமோ என்று இருக்கைக்கு அடியில் துழாவினால் இரண்டு நங்கூரம், ஒரு டப்பா ஆணி, அப்பாவின் உடைந்த குடைகள் மூன்று. எல்லாவற்றையும் இறக்கினோம், சந்தேகத்துக்கு அப்பாவையும் இறக்கிவிட்டுப் பார்த்தோம். ஒரு முன்னேற்றமும் இல்லை. முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் வர வேண்டும் என்று இன்ஜினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது, மீட்டர் நாலாயிரத்து அறுநூறிலேயே நின்றுவிட்டது. "இன்ஜின்ல ஒண்ணுமில்லக்கா, அதால சுத்த முடியல, அடியில தண்ணியத் தள்ளற விசிறியப் பாக்கணும்" என்றார் காதுக்காரர்.

அங்கேதான் உன் அம்மா தன் அறிவைக் காட்டினாள். அது என் மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த விசிறி, அதனால்தான் புது இன்ஜினிலும் அதையே மாட்டச் சொன்னேன், அளவு பார்த்துத்தான் வாங்கியிருக்கிறான், அதில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று கத்திவிட்டேன். பாவம், மனுஷன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். விசிறியில் அளவு எண் பொறித்திருக்குமே, அதைப் படித்திருக்கலாமே என்று நீ கேட்பாய். வருஷா வருஷம் நான்தான் அதற்கு ஆசையாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வருகிறேனே, நாலு வருஷப் பெயிண்டுக்கு அடியில் எண் எங்கே தெரியும்? அப்படியே இரண்டு நாள் வீணாகப் போனது. வியாழக்கிழமை மத்தியானம் அப்பா உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உனக்குத்தான் தெரியுமே, வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவர் வாயைத் திறப்பார். "அவன் வாங்கினது பழைய படகுக்கு. அந்தப் படகு இப்ப எங்க இருக்கு, காட்டு பாப்போம்" என்றார். படகைத் திரும்பிப் பார்த்தேன். கூரை புதுசு, இருக்கை புதுசு, இன்ஜின் புதுசு. இருவருமாகத் தேய்த்தோம். பதினைந்து என்று எண் தெரிந்தது.

ஒரு சுற்றுக்குப் பதினைந்து அங்குலம் முன்னே தள்ளுகிற விசிறியாம். கூரையில்லாத லேசான படகுக்கு அது பிரமாதம், எட்டுப் பேர் பாரத்துக்கு, சைக்கிளைப் பெரிய கியரில் போட்டு மேட்டில் மிதிக்கிற மாதிரி என்றார் காதுக்காரர். திட்டு வாங்கியதைக்கூடச் சொல்லிக் காட்டாமல் தன் கொட்டகையிலிருந்து பதினோரு அங்குல விசிறி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார், கறுப்பாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டுப் பேரோடு கைப்பிடியைத் தள்ளினேன். மூக்கு ஒரு நொடி தூக்கிவிட்டுத் தானாகப் படிந்தது, மீட்டர் ஐயாயிரத்து நானூறைத் தொட்டது, பதினேழாவது நிமிஷம் அக்கரையில் கயிறு வீசிவிட்டேன். வேலை நமக்குத்தான். நர்ஸம்மா, "கொஞ்சம் மெதுவாப் போங்க, தலை கலைஞ்சிடுச்சு" என்றாள், மறுபடியும் நாலு பேரிடம் சொன்னேன்.

உன் தங்கை போனில் உளறுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், நீ வாங்கித் தந்ததைக் கழற்றிவிட்டேன் கண்ணா. நீ வாங்கியதில் தப்பே இல்லை, அன்றைய படகுக்கு அது சரியான அளவு. படகு மாறிய பிறகும் நான்தான் பெயிண்ட் அடித்து மூடி வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. நாலு வருஷமாக உனக்குச் சட்டை அனுப்புகிறேன், நீ கிளம்பிய அன்றைக்கு எடுத்த அளவிலேயே. ஒவ்வொரு தடவையும் நீ "சரியா இருக்கும்மா" என்கிறாய். போட்டோவில் ஒருநாளாவது அதில் எதையாவது போட்டிருக்கிறாயா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. என்னை நோகடிக்கக் கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறாய், காதுக்காரரை மிரட்டின மாதிரி உன்னையும் எப்போதோ மிரட்டி வைத்திருப்பேன் போலிருக்கிறது. இனி மிரட்டமாட்டேன், சட்டை மட்டுமில்லை, வேறு எது பிடிக்காவிட்டாலும் சொல், எது இறுக்கினாலும் சொல்.

நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் மனசுக்குப் பிடித்த வேலையும் உனக்கு வாய்க்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அதாவது தலையை ஆட்டினார். மறக்காமல் பதில் போடு, அதில் தோள் அளவு, கழுத்து அளவு, கை நீளம் மூன்றையும் எழுது. நாடா வைத்து அளந்து எழுது, என் மனசு கோணாத அளவாகப் பார்த்து எழுதாதே.

இப்படிக்கு,
உன்னை இன்னொரு முறை அளந்து பார்க்க ஆசைப்படும்
அம்மா