நான் போட்ட பூஜ்யம்

உன்னை எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், உப்பு போடவில்லை, திட்டாதே. சாவி உன் அக்காவிடம் இருக்கிறது. பதினொரு மணிக்கு வந்து, வயிற்றுக் குழாயில் மாட்டும் டயாலிசிஸ் பையை அவள் மாற்றிவிடுவாள். கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்.

காலையில் உன் வயிற்றிலிருந்து வடிந்த தண்ணீர் மறுபடியும் கலங்கலாக இருந்தது. வயிற்றில் தொற்றிய கிருமி இன்னும் போகவில்லை. அந்தக் கலங்கல் தண்ணீர்ப் பையையும், தினமும் உன் அளவுகளை எழுதும் நோட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். "கட்டின புருஷன்னாலும் தினம் அளவு குவளையத் தூக்கிட்டு என் பின்னாடி வராதீங்க, மானம் போகுது" என்று போன மாதம் கத்தினாய் அல்லவா? அன்றிலிருந்து நோட்டில் சிறுநீர் அளவுக்கு நேரே கோபத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்டே வந்தேன். கிருமிக்கு மருந்து எழுதும்போது டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சிறுநீரே வரலையா, அப்போ மருந்து உடம்புல தங்கிடும், கொஞ்சம் போதும்" என்றார். என் அற்பப் புத்தி தெரிந்துவிடுமே என்று நான் வாய் திறக்கவில்லை. நேற்றுதான் நர்ஸ் சொன்னாள், "கொஞ்சம் வந்தாலும் அதோட மருந்தும் போயிடும், அந்த டோஸ் பத்தாது" என்று.

உன் கிட்னி மிச்ச உயிரோடு உழைத்துக்கொண்டிருந்தது. அது செத்துவிட்டதாக எழுதியவன் நான்.

இன்னொன்று: குவளை குளியலறையில் இருக்கிறது. இன்று நீயே அளந்து போனில் சொல். எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பூஜ்யம் என்று மட்டும் சொல்லிவிடாதே.